அந்தச் சின்னக் கூட்டல் குறி

பெங்களூரு,
மே 11.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று நீ சொன்னதும்தான் மனம் ஆறியது. மதிய வெயிலில் கூரை ஏறாதே என்று அவள் தினமும் உன்னிடம் சொல்கிறாளாம். நானும் அதையேதான் சொல்வேன். பத்து மணிக்குள் முடிகிற வேலையை முடித்துவிடு. மிச்சத்தை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்.

போன வாரம் அரிசி ஆலைக் கூரையில் பேனல் மாட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு கேள்வி கேட்டாயே, அது என்னை விடவே இல்லை. டேட்டா ஷீட்டில் வெப்பநிலைக்கென்று மூன்று வரி இருக்கிறது. திறனுக்குக் கழித்தல் குறி, வோல்டேஜுக்குக் கழித்தல் குறி, கரண்டுக்கு மட்டும் கூட்டல் குறி. "அச்சுப் பிழையா அக்கா?" என்றாய். "பிழை இல்லை, எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடமாக நான் அளந்துகொண்டிருப்பது அந்தக் கூட்டல் குறியின் வேரைத்தான். இத்தனை நாளில் வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி இவ்வளவு சரியான இடத்தில் கைவைத்துக் கேட்டதில்லை. அதனால் நேரம் எடுத்து, விட்டுப்போகாமல் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் உன் கையில் இருக்கும் எண்கள். பேனலைச் சோதிப்பது 25 டிகிரியில். நம் ஊர்க் கோடையில் கூரை மேல் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும். அதாவது 40 டிகிரி அதிகம். திறன் டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்று போட்டிருந்தால், 14 சதவீதம் போயிற்று. இது உனக்குப் பழகிய கணக்கு. கரண்டுக்கு எதிரே இருப்பது ஏறக்குறைய 0.05 சதவீதம், கூட்டலில். நாற்பது டிகிரிக்கு 2 சதவீதம். 14 ஆம்பியர் தரும் பேனலில் கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். யாரும் கண்டுகொள்ளாத கால் ஆம்பியர். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கடிதம்.

பேனலுக்குள் இருப்பது சிலிக்கான் படிகம். ஒவ்வொரு அணுவும் நான்கு பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்கும். அந்த அடுக்கு 0.543 நானோமீட்டருக்கு ஒருமுறை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கைகோப்பில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரானால் மின்சாரம் ஓடாது. அதை மேலே தூக்கி, சுதந்திரமாக ஓடும் நிலையில் விட வேண்டும். கீழ் நிலைக்கும் மேல் நிலைக்கும் நடுவில் உள்ள ஆற்றல் இடைவெளி, அறை வெப்பநிலையில் 1.12 எலக்ட்ரான் வோல்ட். வெயிலின் ஒளித்துகளுக்கு, அதாவது ஃபோட்டானுக்கு, அவ்வளவு ஆற்றல் இருந்தால் தூக்கலாம். பச்சை ஒளிக்கு 2.3 இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 1100 நானோமீட்டர் அலைநீளம் வரைக்கும் போதுமான ஆற்றல் உண்டு.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பல புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடும். விஷயம் தொடங்குவதே இதற்குப் பிறகுதான்.

எலக்ட்ரானுக்கு ஆற்றல் ஒரு கணக்கு, உந்தம் இன்னொரு கணக்கு. இரண்டும் தனித்தனியாகச் சரிவர வேண்டும். சிலிக்கானில் கீழ் நிலையின் உச்சியும் மேல் நிலையின் அடிமட்டமும் ஒரே உந்தத்தில் இல்லை. மாடி வாசல் நேர் மேலே இல்லாமல் வெகுதூரம் தள்ளி இருக்கிற மாதிரி. நேர் மேலே போக வேண்டுமானால் 3.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அது புற ஊதா ஒளி, வெயிலில் மிகக் குறைவு. 1.12க்கே ஏற வேண்டுமானால் பக்கவாட்டில் ஒரு தள்ளலும் வேண்டும்.

அந்தத் தள்ளலை ஒளியால் தர முடியாது. அலைநீளம் குறையக் குறையத்தான் அலையின் உந்தம் கூடும். இங்கே வேண்டியது 0.64 நானோமீட்டர் அலைநீளத்துக்குரிய உந்தம். ஒளியின் அலைநீளமோ 1100 நானோமீட்டர். சிலிக்கானுக்குள் நுழைந்ததும் சுருங்கி 300 சொச்சம் ஆகும். அப்போதும் தேவையான தள்ளலில் ஐந்நூறில் ஒரு பங்குதான் அதன் கையில் இருக்கிறது.

உனக்குத் தாத்தாவின் ஏற்றம் நினைவிருக்கிறதா? நீ சின்னப்பிள்ளை, நான் பார்த்திருக்கிறேன். துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். தூக்குகிற பலமெல்லாம் மேலே நடக்கிறவருடையது. ஆனால் சால் விளிம்புக்கு வந்ததும், கீழே நிற்கும் தாத்தா அதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து வாய்க்கால் பக்கம் கவிழ்ப்பார். அதற்குப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் அந்த இழுப்பு இல்லையென்றால், தூக்கிய தண்ணீர் அப்படியே கிணற்றுக்குள் திரும்பிவிடும். சிலிக்கானில் ஒளி செய்வது துலாவில் நடக்கிறவரின் வேலை. தாத்தாவின் வேலையைச் செய்வது படிகத்தின் அதிர்வு.

படிகத்தில் எந்த அணுவும் சும்மா நிற்பதில்லை. ஒன்றோடொன்று கைகோத்திருப்பதால் ஒன்று அசைந்தால் அடுத்ததும் அசையும். திருவிழாத் தோரணக் கயிற்றை ஒரு முனையில் சுண்டினால் மறுமுனை வரை அலை ஓடுமே, அதுபோல் படிகம் முழுவதும் அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் சூடு என்று தொட்டு உணர்வது இந்த அலைகளைத்தான். நமக்கு வேண்டிய 0.64 நானோமீட்டர் அதிர்வு நொடிக்கு 14 லட்சம் கோடி முறை ஆடுகிறது. ஒளியைப் போலவே இந்த அதிர்வும் நினைத்த அளவில் வராது, துண்டு துண்டாகத்தான் வரும். 1907இல் ஐன்ஸ்டைன் வைரத்தின் வெப்ப ஏற்புத்திறனை விளக்கியபோது இந்தத் துண்டுக் கணக்கை முதலில் போட்டார். ஒரு துண்டு அதிர்வுக்கு இன்று ஃபோனான் என்று பெயர். நம் ஃபோனானின் ஆற்றல் 0.058 எலக்ட்ரான் வோல்ட். தூக்க வேண்டிய 1.12இல் இருபதில் ஒரு பங்கு. ஆனால் உந்தக் கணக்கை நேர் செய்வது ஏறக்குறைய முழுவதும் அதுதான். பலம் ஒளியுடையது, திசை அதிர்வுடையது.

இந்தத் தள்ளல் இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, ஏற்கெனவே படிகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அதிர்வு ஒன்றை எலக்ட்ரான் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, எலக்ட்ரானே படிகத்தை உதைத்துப் புது அதிர்வு ஒன்றை உண்டாக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போகலாம். கிணற்றில் நீச்சல் பழகியபோது சுவரை உதைத்து எதிர்க்கரைக்குப் போவாயே, அதுதான் இரண்டாவது வழி. வாங்கினால் ஆற்றலில் 0.058 லாபம், அந்த அளவுக்குப் பலம் குறைந்த ஒளிகூடத் தூக்கிவிடும். உதைத்தால் 0.058 செலவு, ஒளி அந்த அளவுக்குக் கூடுதல் பலத்தோடு வர வேண்டும்.

இங்கேதான் சூடு கணக்குக்குள் வருகிறது. வாங்குகிற வழிக்கு, வாங்குவதற்கு அதிர்வு இருக்க வேண்டும். 27 டிகிரியில் இந்த வகை அதிர்வு சராசரியாக 0.12 துண்டு இருக்கும். உன் கூரையின் 65 டிகிரியில் அது 0.16 ஆகும். மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது பார். உதைக்கிற வழியோ இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிய அளவில் நடக்கும்; அது 1.12இலிருந்து 1.16க்குக் கொஞ்சம்தான் ஏறும் (இந்த 1.12 வேறு, ஆற்றல் இடைவெளியின் 1.12 வேறு). இந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். சொல்கிறேன், கடைசியில். அதிலும் ஓர் அதிசயம் இருக்கிறது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. அணுக்கள் அதிகம் ஆட ஆட, படிகம் கொஞ்சம் விரிய விரிய, ஆற்றல் இடைவெளியே சுருங்குகிறது. கடுங்குளிரில் 1.17 ஆக இருக்கும் இடைவெளி அறை வெப்பநிலையில் 1.12 ஆகிவிடும். 25இலிருந்து 65 டிகிரிக்குப் போனால் இன்னும் ஏறக்குறைய 0.01 சுருங்கும். 1100 நானோமீட்டரை ஒட்டி இருக்கும் எல்லைக்கோடு 10 நானோமீட்டர் அளவுக்கு அப்பால் நகர்கிறது. முன்பு பேனலை ஊடுருவிப் போன அகச்சிவப்பில் ஒரு பகுதி இப்போது உள்ளேயே பிடிபடுகிறது. பிடிபட்ட ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானைத் தூக்குகிறது. தம்பி, உன் கால் ஆம்பியர் இதுதான். அணுக்கள் கூடுதலாக ஆடியதால் கூடுதலாகப் பிடிபட்ட ஒளி.

இதை நான் கண்ணால் பார்த்த நாள் நினைவிருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனில் மெருகிட்ட சிலிக்கான் தகடு ஒன்றை வெற்றிடக் கலத்துக்குள் பொருத்தி, ஒவ்வோர் அலைநீளமாக ஒளியை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தேன். அறை வெப்பநிலையில் கோடு ஒரேயடியாக விழவில்லை. எல்லைக்கு அப்பாலும் ஒரு வால் நீண்டிருந்தது. பிறகு திரவ நைட்ரஜனை ஊற்றி மைனஸ் 196 டிகிரிக்கு இறக்கினேன். கோடு மெல்ல மெல்லக் குறைந்த அலைநீளத்தின் பக்கம் நகர்ந்தது. வால் மறைந்தே போயிற்று. அந்தக் குளிரில் நம் அதிர்வின் சராசரி பத்தாயிரத்தில் இரண்டு துண்டுகூட இல்லை. வாங்குகிற வழி அடைபட்டுவிட்டது. ஆனால் உதைக்கிற வழியின் படிக்கட்டு, வரைபடத்தில் முன்னைவிடத் தெளிவாக நின்றது. ராத்திரி பதினொரு மணி. கூடத்தில் வேறு யாரும் இல்லை. உன்னையும் தாத்தாவையும் நினைத்துக்கொண்டேன்.

இதை முதலில் கண்டவர்களைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1954 ஏப்ரல் 25ஆம் தேதி அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தின் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் தங்கள் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். அதைக் கொண்டு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுழலவிட்டார்கள். வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது அது. நீ இன்று மாட்டும் ஒவ்வொரு பேனலுக்கும் அதுதான் பாட்டன். அதே 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் பார்டீன், ஹால், ஃபிராங்க் பிளாட் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெர்மானியம் போன்ற படிகங்களில் அதிர்வின் துணையோடு ஒளி உட்கவரப்படும் விதத்தை அது கணக்கிட்டுக் காட்டியது. டிரான்சிஸ்டரைக் கண்டவர்களில் ஒருவரான அதே பார்டீன்தான். இயற்பியலில் இரண்டு முறை நோபல் பெற்ற ஒரே மனிதர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரின் ரேடார் ஆய்வு நிலையத்தில் மக்ஃபார்லேனும் ராபர்ட்ஸும் ஜெர்மானியத்தையும் சிலிக்கானையும் பல வெப்பநிலைகளில் அளந்து, வரைபடத்தில் இரண்டு வாசல்களைக் கண்டார்கள். வாங்குகிற வழிக்கு ஒன்று, உதைக்கிற வழிக்கு ஒன்று. 1958இல் அவர்கள் கூட்டாளிகளோடு இன்னும் நுணுக்கமாக அளந்தபோது, வெவ்வேறு வகை அதிர்வுகளுக்கு வெவ்வேறு படிகளே தெரிந்தன.

பேனல் செய்தவர்கள் ஒரு பக்கம், அது ஏன் வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டவர்கள் மறுபக்கம், ஒரே ஆண்டில். நீயும் நானும் செய்யும் இரண்டு தொழில்களும் ஒன்றாகப் பிறந்தவை என்று எனக்குத் தோன்றும்.

இந்த வரலாற்றுக்கு நம் மண்ணிலும் ஒரு வேர் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரி 28 அன்று கண்டது என்ன? பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி, அந்தப் பொருளின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுத்தோ வாங்கியோ நிறம் மாறி வெளியே வருகிறது என்பதை. அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே கண்டார்கள். கிருஷ்ணன் நம் வத்திராயிருப்புக்காரர். நான் சொல்லிவந்த கதையில் ஒளி விழுங்கப்படுகிறது; அவர்கள் கண்டதில் ஒளி சிதறி வெளியே வருகிறது. இரண்டிலும் ஒளிக்கும் அதிர்வுக்கும் நடுவே அதே கொடுக்கல் வாங்கல்தான். இன்று சிலிக்கானின் மேல் லேசர் அடித்து ராமன் நிறமாலை எடுத்தால் 520 என்ற எண்ணில் ஒரு கூர்மையான கோடு நிற்கும். கோடு இடம் நகர்ந்திருந்தால் படிகம் இழுபட்டோ நசுங்கியோ இருக்கிறது. அகன்று கீழே சரிந்திருந்தால் அணு அடுக்கு குலைந்திருக்கிறது. நான் ஒவ்வொரு தகட்டையும் வேலைக்கு எடுக்குமுன் முதலில் பார்ப்பது இந்தக் கோட்டைத்தான்.

இனி உன் பேனலுக்கு வருவோம். ஒளியும் அதிர்வும் ஒரே நேரத்தில் கைகூடினால்தான் வேலை நடக்கும் என்பதால், சிலிக்கான் ஒளியை மெதுவாகத்தான் விழுங்குகிறது. பச்சை ஒளி ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 800 நானோமீட்டர் ஒளிக்கு 12 மைக்ரான் ஆழம் வேண்டும். 1000 நானோமீட்டருக்கு ஏறக்குறைய 160 மைக்ரான். 1100க்கு 3 மில்லிமீட்டர் ஆழம் கேட்கும். மாடி வாசல் நேர் மேலேயே அமைந்த கேலியம் ஆர்சனைடு போன்ற படிகங்களுக்குத் தாத்தா தேவையில்லை; ஓரிரண்டு மைக்ரான் தடிமனிலேயே தனக்குரிய ஒளியை விழுங்கிவிடும். உன் பேனலில் சிலிக்கான் தகடு நூறு மைக்ரானுக்கு மேல் இருப்பதும், அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பிரமிடுகளைச் செதுக்குவதும், பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு பூசுவதும் இதற்காகத்தான். நேராக நுழைந்த ஒளியைச் சாய்த்து, உள்ளேயே பலமுறை போய்வரச் செய்தால், ஒவ்வொரு பயணத்திலும் ஓர் அதிர்வைச் சந்திக்க அதற்கு வாய்ப்புக் கூடும்.

எல்.இ.டி. விளக்கை ஏன் சிலிக்கானில் செய்வதில்லை என்பதற்கும் இதே பதில்தான். மேலே இருக்கும் எலக்ட்ரான் ஒளி விட்டுக் கீழே இறங்க வேண்டுமானாலும் அதே பக்கவாட்டுத் தள்ளல் வேண்டும். அது கிடைக்கும் வரை எலக்ட்ரான் காத்திருப்பதில்லை. வேறு வழியில் ஆற்றலைச் சூடாக விட்டுவிட்டு இறங்கிவிடும். அதனால் விளக்குக்கு வாசல் நேராக உள்ள கேலியம் நைட்ரைடு போன்றவற்றை எடுக்கிறார்கள். 2020இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகக் குழு, ஜெர்மானியம் கலந்த சிலிக்கானை அறுகோண அடுக்கில் வளர்த்து, வாசலை நேராக்கி, நன்றாக ஒளிரவும் வைத்துக் காட்டியது. அணு அதே அணுதான். அடுக்கை மாற்றியதும் குணம் மாறிவிட்டது.

கழித்தல் குறிகளைப் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி சுருங்கினால் கரண்டு கொஞ்சம் கூடும், ஆனால் ஒவ்வோர் எலக்ட்ரானும் சுமந்துவரும் வோல்டேஜ் குறையும். அதோடு சூட்டில் தானாகவே மேலே கிளம்பும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை பத்து டிகிரிக்கு இரு மடங்குக்கு மேல் பெருகி, கசிவு அதிகமாகும். ஒரு மின்கலத்துக்கு டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் போகும். கூட்டலில் வந்த 2 சதவீதத்தை இது பலமடங்காக விழுங்கிவிடுகிறது.

பேனல் இவ்வளவு சூடாவதிலும் அதிர்வுக்குப் பங்கு உண்டு. பச்சை ஒளித்துகள் 2.3 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகிறது. மின்சாரத்துக்கு உதவுவது அதிகபட்சம் 1.12தான். மிச்சம் 1.2ஐ எலக்ட்ரான் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அணுக்களை உதைத்து உதைத்துக் கொட்டிவிடும். ஒரு பச்சை ஃபோட்டானுக்கு ஏறக்குறைய இருபது ஃபோனான். வெயில் காயும் ஒவ்வொரு கணமும் உன் பேனலுக்குள் இப்படிக் கோடானுகோடி உதைகள். மதியம் நீ கைவைத்தால் சுடுவது இதனாலும்தான்.

இப்போது, பாக்கி வைத்த அந்த ஒன்று. உதைக்கிற வழி 0.12ஐப் பொறுத்து நடக்காமல் 1.12ஐப் பொறுத்து நடக்கிறது என்றேன். படிகத்தை எவ்வளவு குளிர்வித்தாலும், அதிர்வின் சராசரி சுழியத்தைத் தொட்டாலும், அந்த ஒன்று அங்கேயே இருக்கும். படிகத்தில் அதிர்வு ஒன்றுகூட இல்லாத நிலையிலும் எலக்ட்ரானால் ஒரு புது அதிர்வை உண்டாக்கி ஏற முடியும் என்பது அதன் பொருள். இதற்கு உறவாக இன்னொரு உண்மை உண்டு. கீழான கீழ் வெப்பநிலையிலும் அணுக்கள் முற்றாக ஓய்வதில்லை; குறைக்கவே முடியாத ஓர் ஆட்டம் மிச்சம் இருக்கும். இதை வெறும் தத்துவம் என்று நினைக்காதே. இயற்கையான சிலிக்கானில் 92 சதவீதம் நிறை எண் 28 கொண்ட அணுக்கள். 29உம் 30உம் கொஞ்சம். 28ஐ மட்டும் கொண்டும் 30ஐ மட்டும் கொண்டும் தனித்தனிப் படிகம் வளர்த்து, கடுங்குளிரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனமான அணு குறைவாக ஆடும். அதனால் 30இன் இடைவெளி ஆயிரத்தில் ஒன்றிரண்டு எலக்ட்ரான் வோல்ட் அதிகமாக இருக்கிறது. வேதியியலில் இரண்டும் ஒரே சிலிக்கான். ஒளி மட்டும் அந்த ஆட்டத்தின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.

தம்பி, இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் எல்லோரும் சூட்டை எதிரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். விற்கிறவர்கள், மாட்டுகிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோரும். இழப்புக் கணக்கில் அது சரிதான். ஆனால் அணுக்களின் ஆட்டம் இல்லாத சிலிக்கான் ஒன்று இருந்தால், அது வெயிலின் பெரும்பகுதியைக் கண்ணாடிபோல் ஊடுருவ விட்டுவிடும். மஞ்சள், சிவப்பு, அகச்சிவப்பு எதுவும் உனக்கு மின்சாரம் ஆகாது. நீ பேனல் ஏற்றிய அத்தனை கூரைகளும், அந்த அரிசி ஆலையும், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மாடியும், அதிர்வு கைகொடுப்பதால்தான் ஓடுகின்றன. மிகினும் குறையினும் நோய்செய்யும் என்று மருந்து அதிகாரத்தில் குறள் சொல்வது போலத்தான் இதுவும். முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை. அளவில் வைக்க வேண்டும்.

அளவில் வைப்பது உன் கையில் இருக்கிறது. தகரக் கூரையோடு ஒட்டிப் பேனலைப் படுக்க வைக்கச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதே. அடியில் ஒரு சாண் இடைவெளி விடு. காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வழி இருக்கட்டும். ஐந்து டிகிரி குறைந்தால்கூட ஒன்றே முக்கால் சதவீதம் மிச்சம். அது உன் கால் ஆம்பியரோடு ஏறக்குறைய சமம். வெயில் அதிகமானால் யூனிட்டும் அதிகமாகும் என்று நம்பிக் காத்திருக்கும் வாடிக்கையாளரிடம், சித்திரையைவிடக் குளிர்ச்சியான தை, மாசியில் அதே வெயிலுக்கு அதிகம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பிறகு ஏமாந்ததாக நினைக்கமாட்டார்கள்.

ஜூனில் ஊருக்கு வருகிறேன். மெருகிட்ட சிலிக்கான் தகடு ஒன்று கொண்டுவருகிறேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிபோல் முகம் தெரியும். அதை வைத்துக்கொண்டு அம்மாவுக்கும் சேர்த்து இதைச் சொல்வோம். ஏற்றத்தைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும். அம்மாவின் கால் மாத்திரையை மறக்காமல் வாங்கிக் கொடு.

உன்னிடம் வேலை பழகும் பையன்களிடம் அந்த டேட்டா ஷீட்டைக் காட்டும்போது, மூன்றாவது வரியைத் தாண்டிப் போகாதே. அந்தக் கூட்டல் குறி அச்சுப் பிழை இல்லை.

அன்புடன்,
அக்கா